தேமலுக்குள் நடக்கும் கொலை

1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா இறந்தபோது அவருக்கு நாற்பது வயதுதான் ஆகியிருந்தது. வத்தலக்குண்டில் பிறந்தவர். தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு சேர்ந்து மேடையேறியதற்காக 1908-இல் தண்டனை பெற்றார். 1912-இல் சிறையை விட்டு வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய் இருந்தது. தொழுநோயாளிகள் ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளை அரசு தடுத்தது. மனிதர் அசரவில்லை. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கடைசியில் பாப்பாரப்பட்டியில் நிலம் வாங்கி ஆசிரமம் அமைத்தார். பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டு, 1923-இல் சித்தரஞ்சன் தாஸை வரவழைத்து அடிக்கல்லும் நாட்டினார். கோயில் எழும்புமுன் போய்விட்டார். அப்போது அந்த ஊர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. இப்போது அது இருக்கும் தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான்.

சிறைதான் அவருக்கு நோயைத் தந்தது என்று மேடைகளில் சொல்வார்கள். தொழுநோய்க் கிருமியின் சுபாவத்தைத் தெரிந்துகொண்டால் அதில் ஒரு சிறு திருத்தம் வேண்டும் என்று தோன்றும். மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்ற இந்தப் பாக்டீரியா ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது. குடலில் வாழும் ஈ.கோலை நல்ல சூழலில் இருபதே நிமிடத்தில் முடிக்கிற வேலை அது. உடம்புக்குள் நுழைந்தபின் முதல் அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டு ஆகும். இருபது ஆண்டுகூட ஆகலாம். ஆகவே சிவாவின் உடம்புக்குள் கிருமி சிறைக்கு முன்பே போயிருக்க வாய்ப்பு உண்டு. சிறையின் அரைவயிற்றுச் சோறும் கடுங்காவல் உழைப்பும் செய்தது வேறொன்றாக இருக்கலாம்: அதுவரை கிருமியை அடக்கி வைத்திருந்த ஏதோ ஒன்றை அவை தளர்த்திவிட்டிருக்கலாம். சிறையின் குற்றம் இதனால் குறைந்துவிடாது. ஆனால் அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்பதுதான் இந்த நோயின் மையக் கேள்வி.

தொழுநோயைப் பற்றி ஊரில் இருக்கும் பயத்துக்கும் உண்மைக்கும் வெகுதூரம். நூறு பேர் மூச்சில் இந்தக் கிருமி போனால் சுமார் தொண்ணூற்றைந்து பேருக்கு ஒன்றுமே ஆகாது. கிருமி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மிச்சமிருக்கும் ஐந்து பேரிலும் நோய் ஒரே மாதிரி வருவதில்லை. ஒருவருக்கு முதுகில் வெளிறிய தேமல் ஒன்று வரும். தொட்டால் உணர்ச்சி இருக்காது. அந்தத் தேமலிலிருந்து தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இது டியூபர்குலாய்டு வகை. இன்னொருவருக்கு முகமெல்லாம் தடிக்கும், காதுமடல் வீங்கும், புருவம் உதிரும். அவர் தோலின் ஒரு கிராமில் நூறு கோடிக்கு மேல் பாக்டீரியா இருக்கலாம். இது லெப்ரோமேட்டஸ் வகை. ரிட்லி, ஜாப்லிங் என்ற இருவர் 1966-இல் இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே மூன்று படிகள் வைத்து மொத்தம் ஐந்தாகப் பிரித்தார்கள். அந்தப் பாகுபாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இரண்டு நோயாளிகளுக்கும் வெவ்வேறு கிருமியோ என்று சந்தேகம் வரலாம். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்து வைத்ததில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 2001-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் கோல் குழுவும் இங்கிலாந்தின் சேங்கர் மையமும் தொழுநோய்க் கிருமியின் முழு மரபணு வரிசையை வெளியிட்டன. அவர்கள் எடுத்துக்கொண்ட கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்தது. பெயரே 'டிஎன்' வகை. ஆய்வுக்கூடத் தட்டுகளில் இது வளராது என்பதால் அர்மடில்லோ என்ற அமெரிக்கக் கவச விலங்கின் உடம்பில் வளர்த்தெடுத்தார்கள். வரிசையைப் படித்தபோது தெரிந்தது, இது பாதி செத்துப்போன மரபணுத் தொகுப்பு. வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 1,600. சிதைந்து பயனற்றுக் கிடப்பவை சுமார் 1,100. இதன் உறவினரான காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய 4,000 மரபணுக்கள். பின்னர் பல நாட்டுக் கிருமிகளை ஒப்பிட்டபோது அவற்றுக்குள் வேறுபாடு மிகமிகக் குறைவு என்பதும் உறுதியானது. கிருமி ஒன்றுதான். ஒருவருக்கு ஒற்றைத் தேமலும் இன்னொருவருக்கு உடம்பெங்கும் தடிப்பும் வருவதை முடிவு செய்வது அவரவர் உடம்பு.

உடம்பு என்று பொதுவாகச் சொன்னால் போதாது. குறிப்பாக யார்?

நம் ரத்தத்தில் கொலையையே தொழிலாகக் கொண்ட இரண்டு வகை வெள்ளை அணுக்கள் உலவுகின்றன. ஒன்று கொல்லி டி செல். மற்றது இயற்கைக் கொல்லி செல். சுருக்கமாக என்கே செல். இவை நேரடியாகக் கிருமியைத் தேடிப் போவதில்லை. கிருமி குடியேறிவிட்ட நம் சொந்தச் செல்லைத் தேடிப் போகின்றன. ஒவ்வொரு செல்லும் தன் உள்ளே இருக்கும் புரதங்களின் துணுக்குகளை எச்எல்ஏ என்ற மூலக்கூறில் ஏந்தி வெளிப்புறத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். துணுக்கு அன்னியமானதாக இருந்தால் கொல்லி டி செல் அதை அடையாளம் காணும். கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் 1970-களில் கண்டறிந்த விஷயம் இது. 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது. எச்எல்ஏ-யையே மறைத்துவிட்டுத் தப்பிக்கப் பார்க்கும் செல்களை என்கே செல் பார்த்துக்கொள்ளும்.

அடையாளம் கண்டபின் நடப்பது சில நிமிட வேலை. கொல்லி செல் இலக்கின்மேல் அழுந்தி ஒட்டிக்கொள்கிறது. அதன் உள்ளே சிறு பைகள் இருக்கின்றன. ஒட்டிய இடத்துக்கு அந்தப் பைகள் நகர்ந்து வந்து, இரண்டு செல்களுக்கும் இடையிலுள்ள குறுகலான இடைவெளியில் சரக்கைக் கொட்டுகின்றன. முதல் சரக்கு பெர்ஃபோரின். பையின் அமிலச் சூழலில் சும்மா கிடந்த இந்தப் புரதம், வெளியே வந்து கால்சியத்தைத் தொட்டதும் இலக்கின் சவ்வில் போய்ப் பதிந்து, இருபது மூலக்கூறுகளுக்கு மேல் வளையமாகக் கோத்துக்கொண்டு ஓட்டை போடும். ஓட்டையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குக்குள் அடங்கும். அந்த வழியாக நுழைவதுதான் இரண்டாவது சரக்கு: கிரான்சைம்கள்.

கிரான்சைம் என்பது புரதத்தை வெட்டும் நொதி. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரருகே யுர்க் சாப் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் 1987-இல் எலியின் கொல்லி செல்களிலிருந்து ஒரு குடும்பமாக இவற்றைப் பிரித்தெடுத்து எழுத்து வரிசையில் பெயர் வைத்தார்கள். மனிதர்களிடம் ஐந்து உண்டு: ஏ, பி, எச், கே, எம். ஒவ்வொன்றுக்கும் வெட்டும் இடம் வேறு. கிரான்சைம் பி, புரதச் சங்கிலியில் அஸ்பார்ட்டிக் அமிலம் வரும் இடத்தில் மட்டும் வெட்டும். இந்தத் தேர்வு தற்செயலாக அமைந்ததில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தன்னைத்தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறது. அதை நடத்தும் காஸ்பேஸ் நொதிகளை எழுப்புவதற்கு வெட்ட வேண்டிய இடமும் அதே அஸ்பார்ட்டிக் அமிலம்தான். ஆக, கிரான்சைம் பி இலக்கைக் குத்திக் கிழிப்பதைக் காட்டிலும், செத்துப்போ என்று உள்ளே கட்டளையிடுகிறது என்பதே பொருத்தம். டிஎன்ஏ துண்டாகிறது, செல் சுருங்கிச் சிறு உருண்டைகளாகப் பிரிகிறது, அக்கம்பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. சிந்தாமல் சிதறாமல் முடியும் சாவு.

கொல்லி செல் மட்டும் எப்படிச் சாகாமல் தப்புகிறது? ஓட்டை போடும் பெர்ஃபோரின் அதன் மேலும்தானே படும்? அதன் சவ்வின் கொழுப்புகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் பெர்ஃபோரின் எளிதில் பதிய முடிவதில்லை. தப்பித்தவறி கிரான்சைம் பி தன் உடம்புக்குள்ளேயே கசிந்தால் அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்ய ஒரு தடுப்புப் புரதமும் வைத்திருக்கிறது. அதனால்தான் ஒரே கொல்லி செல் ஒரு நாளில் பல இலக்குகளை அடுத்தடுத்து முடித்துவிட்டு நடக்க முடிகிறது.

வைரஸ் விஷயத்தில் இந்தக் கதை இங்கேயே முடிந்துவிடும். குடியிருந்த செல் செத்தால் வைரஸுக்கும் பிழைப்பு இல்லை. தொழுநோயும் காசநோயும் அப்படியில்லை. இந்தக் கிருமிகள் குடியிருப்பது மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்லுக்குள். அந்தச் செல்லை மட்டும் கொன்றால் கிருமி உயிரோடு வெளியே வந்து அடுத்த செல்லுக்குள் புகுந்துகொள்ளும். பெர்ஃபோரினால் பாக்டீரியாவை ஓட்டையிட முடியாது, ஏனென்றால் அது பதிவதற்குச் சவ்வில் கொலஸ்ட்ரால் வேண்டும். பாக்டீரியாவிடம் கொலஸ்ட்ரால் கிடையாது.

இங்கேதான் மூன்றாவது சரக்கு வருகிறது. பெயர் கிரானுலைசின். சின்னஞ்சிறு புரதம். இதன் பழக்கம் நேர்மாறானது: கொலஸ்ட்ரால் குறைந்த சவ்வைத்தான் துளைக்கும். 1998-இல் ஸ்டெங்கரும் மோட்லினும் அவர்களது கூட்டாளிகளும் காசநோய்க் கிருமியை இது நேரடியாகக் கொல்வதைக் காட்டினார்கள். 2014-இல் பாஸ்டனில் ஜூடி லீபர்மன் குழு முழுச் சங்கிலியையும் கோத்தது. பெர்ஃபோரின் நம் செல்லின் சவ்வைத் திறக்கிறது. கிரான்சைமும் கிரானுலைசினும் உள்ளே போகின்றன. பிறகு கிரானுலைசின் பாக்டீரியாவின் சவ்வைத் திறக்க, கிரான்சைம் பாக்டீரியாவுக்குள்ளேயே நுழைந்து, அது மூச்சுவிடப் பயன்படுத்தும் புரதங்களையும் ஆக்சிஜன் நச்சிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் புரதங்களையும் வெட்டுகிறது. வீட்டையும் குடியிருப்பவனையும் ஒரே மூச்சில் முடிக்கும் ஏற்பாடு.

தேமலுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கான பதில் இதில் இருக்கிறது. 2001-இல் நோயாளிகளின் தோல் துணுக்குகளைப் பரிசோதித்தபோது, டியூபர்குலாய்டு தேமல்களில் கிரானுலைசின் ஏந்திய டி செல்கள் லெப்ரோமேட்டஸ் தடிப்புகளில் இருப்பதைவிட ஆறு மடங்கு இருந்தன. 2018-இல் கலிஃபோர்னியாவில் மோட்லின் குழுவே இன்னும் நெருங்கிப் பார்த்தது. கிரான்சைம் பி, பெர்ஃபோரின், கிரானுலைசின் மூன்றையும் ஒருசேரச் சுமக்கும் கொல்லி டி செல்கள் ஒரு தனி ரகமாக இருப்பதும், கிருமியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் நோயாளிகளின் தேமலில் அவை கூடுதலாக இருப்பதும் தெரிந்தது. லெப்ரோமேட்டஸ் நோயாளிக்கு எதிர்ப்பு சக்தியே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்குச் சளி வந்தால் மற்றவர்களைப் போலவே குணமாகும். எதிர்ப்பொருள்கள் ஏராளமாகச் சுரக்கும். தொழுநோய்க் கிருமி ஒன்றை எதிர்த்து மட்டும் அவருடைய டி செல்கள் கைகட்டி நிற்கின்றன.

ஒரு பின்குறிப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எலிக்குக் கிரானுலைசின் மரபணு கிடையாது. நோய் எதிர்ப்பியலின் பெரும்பகுதி எலியை வைத்து எழுதப்பட்டது. மனிதனின் மிக முக்கியமான ஆயுதம் ஒன்று அந்த விலங்கிடம் இல்லை என்பது எவ்வளவு சங்கடமான விஷயம்! தொழுநோயில் நோயாளிகளின் தோல் துணுக்குகள் எலிகளைவிட அதிகம் கற்றுக்கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

இதுவரை சொன்னதைக் கேட்டால், கொல்லி செல் நிறைய இருந்தால் நல்லது என்று படும். தொழுநோய் அந்த எண்ணத்தையும் உடைக்கிறது.

நடுத்தர வகை நோயாளிக்குத் திடீரென்று ஒருநாள் பழைய தேமல்கள் சிவந்து வீங்கும். முழங்கை நரம்பு தடித்து வலிக்கும். சில வாரங்களுக்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி நிமிராமல் போகலாம், பாதம் தொங்கலாம், கண் இமை மூடாமல் போகலாம். மருத்துவர்கள் இதை முதல் வகை எதிர்விளைவு என்பார்கள். கிருமி பெருகியதால் வருவது கிடையாது. அதுவரை மந்தமாக இருந்த டி செல்கள் விழித்துக்கொண்டதால் வருவது. தொழுநோய்க் கிருமி நரம்பைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்களுக்குள் விரும்பிக் குடியேறும். கிருமியின் துணுக்கை அந்த ஷ்வான் செல்கள் வெளியே காட்டினால், டி செல்கள் வந்து கொன்றுவிடும் என்பதை 2001-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்ணாடிக் குடுவையில் மனித செல்களை வைத்தே காட்டினார்கள். ஷ்வான் செல் செத்தால் நரம்பு பாழ். எலும்பை ஒட்டிய குறுகலான வழியில் ஓடும் நரம்பு வீங்க இடமில்லாமல் நசுங்குவது அதற்கு மேலொரு கேடு.

தொழுநோய் விரலைத் தின்னும் என்று பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். 1946-இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட்தான் நோயாளிகளை உட்கார்ந்து கவனித்து, விரல் அழுகி விழுவதில்லை, மரத்துப்போன கை அடுப்பிலும் ஆணியிலும் படுவது தெரியாமல் காயமாகிக் காயமாகித் தேய்கிறது என்று நிறுவினார். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆய்வு நிலையம் அந்த வேலையைத் தொடர்ந்தது. பிராண்ட் பார்த்த மடங்கிய கைகளில் கணிசமானவை கிருமியின் நேரடிக் கைவரிசை அல்ல, கிருமியை எதிர்த்த செல்களின் கைவரிசை என்று இன்றைக்குச் சொல்லலாம்.

வெண்புள்ளியையும் தொழுநோயையும் ஒன்றாக எண்ணிக் கலங்குவது நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் வெண்புள்ளி என்றால் முகம் சுளிக்கிறார்கள். நோய் எதிர்ப்பியல் கண்ணில் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். வெண்புள்ளியில் கிருமியே கிடையாது, யாருக்கும் ஒட்டாது, உணர்ச்சியும் போகாது. அங்கே கொல்லி டி செல்கள், தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களை எதிரி என்று தவறாக எடுத்துக்கொண்டு, அதே கிரான்சைம் பியையும் பெர்ஃபோரினையும் கொட்டி ஒவ்வொன்றாக முடிக்கின்றன. வெண்புள்ளி பரவும் விளிம்பில் இந்தச் செல்களைப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். 2022-இல் வெண்புள்ளிக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரக்சோலிடினிப் களிம்பு, இந்தச் செல்களைத் தோலுக்கு வரவழைக்கும் வேதிச் செய்தியைத்தான் மறிக்கிறது. லெப்ரோமேட்டஸ் தடிப்பில் வராத கொலையாளி, வெண்புள்ளியில் அழைக்காமல் வந்து நிற்கிறான்.

கிரானுலைசினுக்கும் இப்படி ஓர் இருண்ட பக்கம் உண்டு. வலிப்புக்குத் தரும் கார்பமசெபின், யூரிக் அமிலத்துக்குத் தரும் அலோபியூரினால் போன்ற மாத்திரைகள் வெகு சிலருக்கு உடம்பெல்லாம் தோல் கொப்பளித்து உரியும் ஆபத்தை உண்டாக்கும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்பார்கள். 2008-இல் தைவான் ஆய்வாளர்கள் அந்தக் கொப்புள நீரைச் சோதித்தபோது அதில் மிகுந்திருந்த கொலைப் பொருள் கிரானுலைசின்தான். கிருமியைத் துளைக்க வைத்திருந்த ஆயுதம் தோலைத் துளைக்கிறது. யாருக்கு இது வரும் என்பது பெரும்பாலும் அவரது எச்எல்ஏ வகையைப் பொறுத்தது. தொழுநோய்க்கே தரப்படும் டாப்சோன் மாத்திரையும் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரும். அதற்குக் காரணமான எச்எல்ஏ வகையும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

கொலை நடக்காமல் போவது, தவறான இடத்தில் நடப்பது, இரண்டையும் பார்த்தோம். தொடங்கிய கொலை முடியாமல் இழுத்தால்? பெர்ஃபோரின் மரபணு இரண்டு பிரதியிலும் பழுதான குழந்தைகளுக்கு அதுதான் நேர்கிறது. ஏதாவது ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து போக வேண்டியது போகாமல் நிற்கும். மண்ணீரல் வீங்கும், ரத்த அணுக்கள் குறையும், ரத்தத்தில் ஃபெர்ரிட்டின் ஆயிரக்கணக்கில் ஏறும். எச்எல்எச் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 1952-இல் ஸ்காட்லாந்துக் குழந்தைகளிடம் முதலில் விவரிக்கப்பட்டது. பெர்ஃபோரின் பழுதுதான் ஒரு காரணம் என்று தெரியவந்தது 1999-இல். கொல்லத் தெரியாத செல்களுக்கு எதிர்ப்பு குறைவாகத்தானே இருக்கும், ஏன் காய்ச்சல் கொதிக்கிறது என்று கேட்கத் தோன்றும். தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ராகிக் காட்டில் யானை இறங்கினால் ஊரே திரண்டு தகரம் தட்டும், பட்டாசு வெடிக்கும். யானை காடேறியதும் சத்தம் அடங்கும். யானை போகவே இல்லையென்றால் விடியவிடியச் சத்தம்தான். அந்தக் கூட்டம் மிதித்தே பயிர் நாசமாகும். கொல்லி செல்லும் இலக்கு சாகும்வரை அதைவிட்டு விலகாது. ஒட்டியிருக்கும் நேரமெல்லாம் இன்டர்ஃபெரான் காமா என்ற அழைப்பொலியைச் சுரந்துகொண்டே இருக்கும். அதைக் கேட்டு மேக்ரோஃபேஜ்கள் வெறிகொண்டு நம் ரத்த அணுக்களையே விழுங்கும். ஆகவே கொலை என்பது சண்டையை நிறுத்தும் வழியும்கூட.

மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதாக வேண்டும் என்பதால் இந்த நோய்க்கும் நம் கல்யாண வழக்கத்துக்கும் தொடர்பு உண்டு. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் ஏறக்குறைய 28 சதவீதம் சொந்தத்துக்குள் நடந்தவை; நாட்டிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. அக்கா மகளைக் கட்டுவதும் மாமன் மகளைக் கட்டுவதும் தருமபுரியில் இன்றும் சகஜம். ஒரே தாத்தாவிடமிருந்து வந்த பழுது இரு பக்கமும் சேர்வதற்கான வாய்ப்பு அங்கே கூடுகிறது. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மரபுவழியாக வராமல், டெங்கு, ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல்களுக்குப் பின்னால் பெரியவர்களிடமும் எச்எல்எச் தலைகாட்டுவதுண்டு. காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் நின்று, அணுக்கள் எல்லாமே குறைந்துகொண்டு போனால் ஃபெர்ரிட்டின் பார்த்துவிடுவது நல்லது என்று மருத்துவர்கள் இப்போது விழிப்பாக இருக்கிறார்கள்.

சிவாவின் சிறைச் சோற்றைப் பற்றிச் சொன்னது வெறும் ஊகம் போலத் தோன்றலாம். தொழுநோயின் உறவான காசநோயில் அதற்கு வலுவான சான்றுகள் உண்டு. எடை குறைந்தவருக்குக் காசநோய் எளிதில் மூளும்; மூண்டால் எளிதில் கொல்லும். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இந்த ஒற்றை உண்மையின்மேல் நிற்கிறது. நோய் உறுதியானவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உயரம், எடை, மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். உடல் நிறைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். தருமபுரி உட்பட மாவட்டங்கள்தோறும் நடக்கும் இந்தச் சோதனைக்கு எடைக்கருவியும் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் போதும். கிரான்சைமை அளக்கத் தேவையில்லை.

அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் சுபாஷ் பாபுவின் குழு, காசநோயோடு சர்க்கரை நோயும் உள்ளவர்களின் ரத்தத்தை ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டது. சர்க்கரை உள்ளவர்களிடம் பெர்ஃபோரினும் கிரான்சைம் பியும் ஏந்திய கொல்லி டி செல்களின் விகிதம் குறைந்திருந்தது. ஆனால் இன்டர்ஃபெரான் காமா போன்ற அழைப்பொலிகளைச் சுரக்கும் செல்கள் கூடியிருந்தன. சத்தம் அதிகம், வெட்டு குறைவு. எச்எல்எச்-இல் உச்சத்தில் பார்த்த அதே கோளாறின் மெல்லிய வடிவம் இது என்று சொல்ல எனக்கு ஆசை. ஆய்வாளர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. சர்க்கரை நோய் பட்டிக்காடு வரை வந்துவிட்ட தமிழ்நாட்டில் காசநோயாளி ஒவ்வொருவருக்கும் சர்க்கரை பார்ப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இந்த ஆயுதத்தை நாமே குறிபார்த்து வீசவும் கற்றுக்கொண்டிருக்கிறோம். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 சிகிச்சையில் நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து, சில வகை ரத்தப் புற்றுநோய்ச் செல்களை அடையாளம் காணும் உணர்வியைப் பொருத்தித் திரும்ப ஏற்றுகிறார்கள். இலக்கு மனிதர் கொடுத்தது. கொல்லும் முறை பழைய பெர்ஃபோரின், கிரான்சைம்தான். கிரான்சைம் கே-யின் கதை இன்னும் புதியது. அது செல்லுக்குள் நுழையாமல் வெளியிலேயே நின்று, ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்களைத் தூண்டி வீக்கத்தை வளர்ப்பதாக 2025-இல் ஆய்வுகள் வந்தன. முடக்குவாத மூட்டுகளில் அதைச் சுமக்கும் டி செல்கள் குவிந்து கிடக்கின்றன. கிரான்சைம் என்றாலே கொலை என்ற பழைய பாடத்தை இனி மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுகிறது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. மணமுறிவுக்குத் தொழுநோயைக் காரணமாகக் காட்டலாம் என்ற விதி 2019-இல்தான் போனது. மருந்து அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். தேமல் எண்ணிக்கையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ. மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் முதல் வேளையிலேயே பெரும்பகுதிக் கிருமிகளைக் கொன்றுவிடுவதால் அதன்பின் நோயாளி மூலம் நோய் பரவும் பயம் இல்லை.

செத்த கிருமியும் துணுக்குகளை விட்டுவிட்டுத்தான் போகிறது என்பதில்தான் சிக்கல். டி செல்களுக்கு உயிருள்ள கிருமியின் துணுக்குக்கும் செத்ததன் துணுக்குக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் மருந்து சாப்பிடத் தொடங்கிய முதல் மாதங்களில்தான் எதிர்விளைவு அதிகம் வருகிறது. மருந்து முடிந்து ஓரிரு ஆண்டு கழித்தும் வரலாம். மாத்திரை சாப்பிட்டதால்தான் கை மடங்கியது என்று நோயாளி நினைத்து மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுகிறார். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு: கிருமிக்கான மாத்திரையை நிறுத்தாமல், கொல்லி செல்களை அடக்கும் பிரெட்னிசொலோன் மாத்திரையையும் சேர்த்துத் தொடங்க வேண்டும்; மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து முடிக்க வேண்டும். நரம்பு பலவீனம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் வந்தால் கை பெரும்பாலும் தேறும். அதற்கு மேல் போனால் வாய்ப்பு சுருங்கிவிடும். அதற்காகத்தான் மருந்து முடிந்து சிகிச்சை அட்டையை ஒப்படைத்த பிறகும், சுண்டுவிரலை விரித்துக் காட்டச் சொல்லியும் கண்ணை இறுக மூடச் சொல்லியும் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வருகிறார்.